வீட்டுக் காப்பீடு: பத்திரத்தில் உள்ளதும் இல்லாததும்

 

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் அதிகமான மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது மிகுதி. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்திற்கு அருகே கரை கடந்த கஜா புயல், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதிகளில் ஓடுகளையும் தென்னைகளையும் ஒருசேர வீழ்த்தியது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னை மக்களின் வீட்டுக் கூடத்திற்குள் நுழைந்ததும் நாம் கண்டதே.

இத்தகைய ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னரும் ஒரே கேள்வி எழுகிறது. "எங்கள் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, ஏதேனும் கிடைக்குமா?" பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், சிலரிடம் அது இருப்பதில்லை, வங்கியில் இருக்கிறது என்பார்கள். சிலரிடம் இருப்பது வீட்டுக்கான காப்பீடே அன்று. வீட்டுக் கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் எஞ்சிய கடனை அடைப்பதற்கான ஆயுள் காப்பீடு அது. கூரை பறந்தாலும் சுவர் சரிந்தாலும் அப்பத்திரம் ஒரு காசும் தராது. கடன் வாங்கும் நாளில் நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்திட்டு வந்தவர்களுக்கு இரண்டிற்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே இம்மாதம் இப்பகுதியை இந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

முதலில் மார்க்கத்தின் பார்வையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுதல் முறை. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரிமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் ஒப்பந்தத்தையே பழுதாக்கும் அளவுக்கு நிச்சயமின்மை, அதாவது 'கரர்' உள்ளதென்று கூறி அது கூடாதென முடிவெடுத்தது. பரஸ்பர உதவியின் மீது அமைந்த கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக முன்வைத்தது. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஹ்மத் ஸர்கா போன்றோர் காப்பீடு ஆகும் என்ற கருத்துடையவர்கள். இந்தியாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நம் நாட்டின் கலவரச் சூழலைக் கருத்தில் கொண்டு உயிருக்கும் உடைமைக்கும் காப்பீடு செய்துகொள்ள இடமளித்துள்ளது. மலேசியாவில் 1984லேயே தகாஃபுல் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் 1999 முதல் அமானா தகாஃபுல் இயங்கி வருகிறது. நம் நாட்டில் அத்தகைய நிறுவனம் இல்லை. எனவே தத்தம் ஆலிமிடம் தம் நிலையை எடுத்துரைத்துத் தெளிவு பெற்றுக்கொள்வதே சரி. பத்திரிகைப் பக்கத்தில் ஃபத்வா கொடுப்பது என் வேலையன்று. ஆனால் வங்கியின் வற்புறுத்தலாலோ தம் விருப்பத்தாலோ நம்மில் பலர் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டும் பணத்திற்கு எதை வாங்கியிருக்கிறோம் என்பதை அறியாதிருப்பதை எந்த மத்ஹபும் சிறப்பித்துக் கூறவில்லை.

இனி விஷயத்திற்கு வருவோம். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதற்கு முன் இருந்த தீக்காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் தலை நரைத்துவிடும். புதியதன் நடை ஓரளவு எளிது. நிறுவனங்கள் வேறு வகைப் பத்திரங்களையும் விற்கின்றன. ஆகையால் உங்கள் கையில் இருப்பது எது என்பதைப் பெயரைப் பார்த்து முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிரிமியம் குறைவு என்பதற்காக வெள்ளத்தையும் புயலையும் நீக்கிய பத்திரம் ஒன்றை வாங்குவது, கடலோர ஊர்க்காரருக்குக் குடை வாங்கித் துணியை அவிழ்த்துக் கொடுத்தது போலாகும்.

இந்தப் பத்திரம் வீட்டுக்கு நேரும் எல்லா நட்டத்தையும் காப்பதில்லை. பெயர் குறிப்பிட்ட சில ஆபத்துகளால் நேரும் நட்டத்தையே காக்கிறது. தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, காட்டுத் தீ ஆகியவை அதில் உண்டு. வாகனம் மோதிச் சுவர் இடிவதும், மரம் விழுந்து கூரை நொறுங்குவதும் உண்டு. தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருக்கெடுப்பது, கலவரம், வேலைநிறுத்தம், தீய நோக்குடன் பிறர் விளைவிக்கும் சேதம், பயங்கரவாதச் செயல் ஆகியவையும் உண்டு. கலவரத்தில் எரிக்கப்பட்ட வீட்டுக்கு இப்பத்திரம் பொறுப்பேற்கும் என்பதை நம் மக்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். அதே வேளையில், அரசோ சட்டபூர்வமான அதிகாரியோ இட்ட உத்தரவின்பேரில் இடிக்கப்பட்ட வீட்டுக்கு அது பொறுப்பேற்காது. போர், அணுக்கதிர் வீச்சு, உரிமையாளரே வேண்டுமென்று செய்த சேதம் ஆகியவையும் விலக்கப்பட்டவை.

நெடுநாளாக ஒழுகி ஊறிப்போன தளம், கரையான் அரித்த உத்திரம், உப்புக் காற்றில் துருவேறி வெடித்த கம்பிகள் என்பன மேற்சொன்ன ஆபத்துகளுள் எதிலும் அடங்கா. அவை வீட்டின் மூப்பு; அதற்குரிய செலவு வீட்டுக்காரருடையது. கரையோர மக்கள் அறியவேண்டிய வேறொன்றும் இருக்கிறது. நிலம் உள்வாங்கி வீடு சரிந்தால் காப்புண்டு என்று பத்திரம் சொல்கிறது. ஆனால் கடலரிப்பாலும் ஆற்றரிப்பாலும் நேர்ந்த சரிவு அதில் சேராது. மண்ணடித்து மேடாக்கிய இடம் அமிழ்வதும், புது வீட்டின் சுவரில் இயல்பாக விழும் விரிசலும், மோசமான பொருளாலும் வேலையாலும் வந்த சரிவும் அவ்வாறே விலக்கப்பட்டவை. குளத்தை நிரப்பிப் போட்ட மனையில் வீடு வாங்கியவர்கள் இந்த வரியை இருமுறை படிக்கட்டும்.

மின்சாதனங்களின் கணக்கும் பலருக்குப் புரிவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஷார்ட் சர்க்யூட் ஆகி அது எரிந்துபோனால், அந்தப் பெட்டிக்கு இழப்பீடு இல்லை. அதிலிருந்து தீ பரவி அலமாரியும் கட்டிலும் எரிந்தால் அவற்றிற்கு உண்டு. சாதனத்தின் உள்ளே பிறந்த கோளாறு வேறு, அதனால் வீட்டுக்கு வந்த தீ வேறு என்று பத்திரம் பிரித்துப் பார்க்கிறது.

திருட்டைப் பற்றி நம்மிடையே நிலவும் எண்ணம் முற்றிலும் மாறானது. வீட்டைக் காப்பீடு செய்துவிட்டால் திருட்டுக்கும் பணம் கிடைக்கும் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். உண்மையில் இப்பத்திரம் காப்பது ஒரே ஒரு வகைத் திருட்டைத்தான். மேற்சொன்ன ஆபத்துகளில் ஒன்று நேர்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடந்த திருட்டு அது. வெள்ளத்தில் கதவு உடைந்து கிடக்கையில் பொருள் களவு போனால் கேட்கலாம். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடிச் சென்றால் கேட்க இயலாது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும்.

இது நகையைப் பற்றிய பேச்சில் கொண்டுவந்து நிறுத்துகிறது. வீட்டுப் பொருட்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது கட்டில், பீரோ, துணிமணி, பாத்திரம், மின்சாதனம் ஆகியவை அடங்கும், நகை அடங்காது. மகளின் திருமணத்திற்கென்று சேர்த்து வைத்த நகையைக் காக்க விரும்பினால், 'மதிப்புமிக்க பொருட்கள்' என்ற தனிப் பிரிவில், இவ்வளவு மதிப்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு சேர்க்கவேண்டும். அதற்குத் தனிப் பிரிமியம் உண்டு. மொத்தம் 5 லட்சம் ரூபாய்க்குள், ஒவ்வொரு உருப்படியும் 1 லட்சத்திற்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதில்லை. இன்றைய தங்க விலையில் ஒரு காசுமாலையே அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதைத் தாய்மார்கள் சொல்லாமலே அறிவார்கள்.

அடுத்து, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்வது? இங்கேதான் பணம் வீணாவதும், தேவையான வேளையில் போதாமற் போவதும் நிகழ்கின்றன. வீடும் மனையும் சேர்ந்து 70 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். வீடு முழுவதும் இடிந்தாலும் மனை அங்கேயேதான் கிடக்கும். அது எரிவதுமில்லை, பறப்பதுமில்லை. ஆகவே காப்பீட்டுத் தொகை விற்பனை விலையன்று. அதே வீட்டை மீண்டும் கட்டும் செலவு. உள்ளே புழங்கும் தளப்பரப்பை, அதாவது கார்ப்பெட் ஏரியாவை, உங்கள் பகுதியில் இன்று ஒரு சதுர அடி கட்ட ஆகும் செலவால் பெருக்கிக் கொள்ளவேண்டும். 1000 சதுர அடி வீட்டுக்கு, சதுர அடிக்கு 2000 ரூபாய் என்றால் 20 லட்சம். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, வாகனக் கொட்டகை, சூரியத் தகடுகள் போன்றவற்றையும் கட்டடத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ கேட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். முகவரின் மனக்கணக்கிற்கு விட்டுவிடாதீர்கள்.

கட்டடத் தொகை 20 லட்சம் என்றால், அதில் 20 விழுக்காடாகிய 4 லட்சம் வீட்டுப் பொருட்களுக்கெனத் தானாகவே சேர்ந்துவிடும். பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. இதன் உச்ச வரம்பு 10 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொருட்களை அறிவித்துக் கூட்டிக்கொள்ளலாம். இடிபாடுகளை அகற்றும் செலவுக்காக இழப்பீட்டில் 2 விழுக்காடு வரையிலும், கட்டடக் கலைஞர், பொறியாளர் போன்றோரின் கட்டணத்திற்காக 5 விழுக்காடு வரையிலும் கிடைக்கும். வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால் வேறிடத்தில் குடியிருக்கும் வாடகையும், வாடகைக்கு விட்டிருந்தால் இழந்த வாடகையும் இதில் அடக்கம். வெள்ளத்திற்குப் பிறகு உறவினர் வீட்டு மாடியில் மாதக்கணக்கில் தங்கிய எத்தனை குடும்பங்களுக்கு இது தெரிந்திருந்தது?

பழைய பத்திரத்தில் ஒரு கொடுமையான விதி இருந்தது. 20 லட்சம் பெறும் வீட்டை 10 லட்சத்திற்குக் காப்பீடு செய்திருந்து, 4 லட்சம் நட்டம் ஏற்பட்டால், 'நீர் பாதிக்குத்தானே காப்பீடு செய்தீர்' என்று 2 லட்சம் மட்டுமே கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தக் கழிவு இல்லை. ஆயினும் வீடு முழுவதும் அழிந்தால் 10 லட்சத்திற்கு மேல் வராது. வங்கி எடுத்துக் கொடுக்கும் பத்திரங்களில் கவனிக்க வேண்டியது இதுவே. கடன் தொகை எவ்வளவோ அவ்வளவுக்கே காப்பீடு செய்து விடுவதுண்டு. இழப்பீடு வரும்போது அதன்மீது முதல் உரிமையும் வங்கிக்கே. கடன் அடைந்து போகும், வீடு எழாது. வட்டிக் கடனின் மார்க்கச் சட்டம் வேறு பேச்சு. அதில் ஏற்கெனவே சிக்கியவர்கள் வங்கிக்குச் சென்று பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, தொகையைப் பாருங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது நம் சமுதாயத்தில் தனியாகப் பேசவேண்டிய சங்கதி. எந்தச் சொத்து அழிந்தால் ஒருவருக்குப் பொருள் நட்டம் உண்டாகுமோ, அந்தச் சொத்தையே அவர் காப்பீடு செய்ய இயலும் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்ணுக்கே கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்கிறார். வீடு மனைவி பெயரில், காப்பீடு கணவர் பெயரில் என்றால், நட்டம் நேர்ந்த நாளில் கேள்வி எழும். இன்னும் பல ஊர்களில் வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பாகப்பிரிவினை நடவாமல், பட்டா அவர் பெயரிலேயே கிடக்கிறது. மூத்த மகன் தம் பெயரில் பிரிமியம் கட்டி வருகிறார். இழப்பீடு வரும்போது, சகோதரிகளின் பங்கு எங்கே என்ற கேள்வியோடு, கேட்பவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். ஃபராயிளைக் காலத்தே நிறைவேற்றாத குடும்பத்திற்கு இங்கேயும் இடர்தான். வாரிசுகள் அனைவரின் பெயரையும் சேர்த்துப் பத்திரம் எடுக்கக் கேட்டுப் பாருங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளும் நம் ஊர்களில் ஏராளம். குடும்பத்தோடு வளைகுடா நாடுகளிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, பெருநாளுக்கும் கல்யாணத்திற்கும் மட்டும் கதவைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய தீக்காப்பீட்டில், வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால், நிறுவனத்தின் ஒப்புதலை முன்னரே பெற்றிராவிடில் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருந்தது. உங்கள் பத்திரத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். புறப்படுமுன் நிறுவனத்திற்கு எழுதித் தெரிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக "பரவாயில்லை பாய்" என்று முகவர் சொன்னது ஏட்டில் ஏறாது.

மகனுக்குத் திருமணம் என்று மாடியில் இரண்டறை எழுப்பினால் அதையும் அறிவிக்கவேண்டும். தளப்பரப்பு 10 விழுக்காட்டிற்கு மேல் கூடினால், கூடுதல் பிரிமியம் கட்டிப் பத்திரத்தில் ஏற்றாதவரை அந்தப் புதுப் பகுதிக்குக் காப்பு இல்லை. முன்னறையைக் கடையாக்கினாலும் அவ்வாறே தெரிவிக்க வேண்டும். இது குடியிருக்கும் வீட்டுக்கான பத்திரம்.

வாடகைக்குக் குடியிருப்போர் கட்டடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் காப்பீடு உங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் காக்காது. பொருட்களுக்கு மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

நட்டம் நேர்ந்துவிட்டால் செய்யவேண்டியதைப் பெண்களும் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் ஆண்கள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தாமதமின்றி நிறுவனத்திற்குத் தெரிவித்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீ என்றால் தீயணைப்பு நிலையத்திற்கும், திருட்டு, கலவரம் என்றால் காவல் நிலையத்திற்கும் சொல்லி எழுத்துச் சான்று பெறுங்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டி வீட்டைத் துப்புரவாக்கத் துடிப்பது இயல்பே; ஆனால் அதற்கு முன் தண்ணீர் நின்ற அடையாளக் கோட்டையும், கெட்டுப்போன ஒவ்வொரு பொருளையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை, சேதமான பொருட்களைப் பழைய சாமான் வியாபாரியிடம் போட்டுவிடாதீர்கள். (இவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்லர், நட்டத்தை மதிப்பிடுபவர்.) மேலும் சேதம் பெருகாமல் தடுப்பது மட்டும் உங்கள் கடமை. பறந்துபோன கூரைக்குத் தார்ப்பாய் போடலாம். போட்ட செலவுக்கு ரசீது வையுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த விலக்கின் கீழ் மறுத்தார்கள் என்பதைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முறையிட வேண்டும். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, தமிழ்நாட்டிற்கான காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது; அங்கே ஓராண்டுக்குள் செல்லலாம். கட்டணம் இல்லை; வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதும் இல்லை.

இத்தனை ஆவணங்களும் வெள்ளத்தில் நனைந்து போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பத்திரம், கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது, நகை ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை வேறூரில் உள்ள மகள் வீட்டிலோ சகோதரர் வீட்டிலோ ஒரு கட்டாகக் கொடுத்து வையுங்கள். வீட்டின் ஒவ்வோர் அறையையும் அலமாரியைத் திறந்து வைத்துப் படம் பிடித்து, அந்தப் படங்களையும் அவர்களுக்கே அனுப்பி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் மாதத்திற்குள் இதை முடித்துவிட்டால் நல்லது.